‘வித்’தா, ‘அட்’டா, ‘ஆஃப்’பா? ஆங்கில அட்ஜெக்டிவுக்குப் பின்னால் எதைப் போடுவது

சிங்கப்பூர் ஈசூனில் அக்கா வீட்டுச் சமையலறை மேசை, ஞாயிற்றுக்கிழமை மாலை. இந்த ஆண்டு பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் அக்கா மகன் ஒரு கிராமர் குளோஸ் பயிற்சித் தாளை என் பக்கம் தள்ளினான். மேலே கட்டத்துக்குள் சொற்கள், கீழே 10 கோடிட்ட இடங்கள். ஒரு சொல்லை ஒருமுறைதான் எடுக்கலாம். ‘ஷி வாஸ் ஆங்க்ரி ... மீ’ என்ற இடத்தில் ‘வித்’ எழுதி, அழித்து, ‘அட்’ எழுதி, அதையும் அழித்திருந்தான். தாள் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தது.

“மாமா, ரெண்டும் கரெக்ட் மாதிரி இருக்கே. எதைப் போடுறது?”

“ரெண்டும் சரிதான்டா.”

“ஆன்சர் ஷீட்ல ஒண்ணுதானே இருக்கும்?”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. இதே கேள்வியைத்தான் துவாஸில் என்னோடு வேலை பார்க்கும் தம்பிகள் மின்னஞ்சல் அனுப்பும் முன் கேட்கிறார்கள், படிக்கிறவர்களும் எழுதிக் கேட்கிறார்கள். கப்பல் உதிரிபாகம் வாங்கி விற்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் மன்னிப்புக் கேட்பதும் மிரட்டுவதும். ‘வித்’, ‘அட்’ மாதிரி பிரிபொசிஷன்களில் பதினாறு ஆண்டில் நான் தப்பாகப் போட்டுத் திருத்திக்கொண்டதை எல்லாம் இங்கே வரிசையாக வைக்கிறேன். ஒரு சின்ன எச்சரிக்கை: நான் ‘ஆஃப்’ என்று எழுதும் இடமெல்லாம் ஒற்றை எஃப் உள்ள சொல். விளக்கை அணைக்கும் ‘ஆஃப்’ அல்ல.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி: பின்னால் வருவது ஆளா, பொருளா, செயலா? பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது: மாற்றிப் போட்டால் அர்த்தம் மாறுமா, காதுக்கு மட்டும் உறுத்துமா? உறுத்துவது ஒரு மதிப்பெண்ணோடு போகும். அர்த்தம் மாறுவது ஆளையே பகைத்துக்கொள்ள வைக்கும்.

மூன்றாவது: யார் படிக்கப் போகிறார்கள்? சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பிரிட்டிஷ் வழக்கே அடிப்படை. வாட்ஸப்பில் நண்பனுக்கு எழுதும்போது எதைப் போட்டாலும் அவன் கண்டுகொள்ளப் போவதில்லை.

நான்காவது நானாகச் சேர்த்துக்கொண்டது. நம் மனசில் முதலில் எழுவது தமிழ் வேற்றுமை உருபு. ‘ஐ, ஆல், கு, இன், அது, கண்’ என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அதுதான் ஆங்கிலம் எழுதும்போதும் உள்ளே ஓடுகிறது. சில உருபுகள் நேராகச் சரியான வாசலில் கொண்டுபோய் விடும். சில, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வைக்கும். எது எப்படி என்று தெரிந்துகொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்யும் வேலை பாதியாகக் குறையும்.

## கோபம்: ‘வித்’, ‘அட்’, ‘அபௌட்’

தமிழில் கோபம் ஒருவர் ‘மேல்’ வரும். ஊரிலிருந்து வந்த புதிதில் நானும் ‘போர்மேன் இஸ் ஆங்க்ரி ஆன் மீ’ என்றுதான் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் புரிந்துகொண்டார்கள், திருத்தவில்லை. அதுதான் இந்தத் தப்பின் ஆயுள் ரகசியம்.

ஆள் என்றால் ‘வித்’. பிரிட்டிஷ் வழக்கில் இதைவிடப் பத்திரமானது இல்லை. ‘அட்’ ஆளுக்கும் வரும், பொருளுக்கும் வரும். அமெரிக்கர்கள் ஆளுக்கு இதைத் தாராளமாகப் போடுவார்கள். விஷயம் என்றால் ‘அபௌட்’: கோபம் சம்பளப் பிடித்தத்தைப் பற்றியது, தாமதத்தைப் பற்றியது. ஆளையும் காரணத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமானால் ‘ஆங்க்ரி வித் மீ ஃபார் பீயிங் லேட்’. முதலில் ஆள், அப்புறம் குற்றம்.

‘மேல்’ என்ற நினைப்பு வேறு இடங்களிலும் காலை வாரும். அவன் மேல் பொறாமை ‘ஜெலஸ் ஆஃப்’. பிள்ளை மேல் பிரியம் ‘ஃபாண்ட் ஆஃப்’. இரண்டிலும் ‘ஆன்’ கிடையாது. ஒரே ஆறுதல் ‘கீன் ஆன்’. ஒன்றின் மேல் ஆசை என்கிற நம் ‘மேல்’ அங்கே மட்டும் அப்படியே பொருந்தும்.

## கெட்டிக்காரத்தனம்: ‘அட்’, ‘இன்’, ‘வித்’

‘கணக்கில் கெட்டிக்காரன்’ என்று நாம் சொல்லும் ‘இல்’ நேராக ‘குட் இன் மேத்ஸ்’ ஆகிவிடுகிறது. நாம் மட்டுமில்லை, புளோக்குக்குக் கீழே நின்று டியூஷன் பற்றிப் பேசும் எல்லா இனத்துப் பெற்றோரும் இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். 2000-இல் ‘ஸ்பீக் குட் இங்கிலீஷ்’ இயக்கம் தொடங்கியது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், ‘குட் இன்’ அசையவில்லை. தேர்வுத்தாளில் ‘குட் அட்’ எழுதிவிடுங்கள். ‘ஸ்ட்ராங்’, ‘வீக்’ என்ற சொற்களுக்குப் பின்னால் ‘இன்’ தாராளமாக வரலாம். ‘வீக் இன் மேத்ஸ்’ என்பதில் தப்பே இல்லை. அந்தப் பழக்கம்தான் ‘குட்’டிலும் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

‘குட் வித்’ என்பது கையாளத் தெரிந்தவருக்கு. குழந்தைகளோடு, கருவிகளோடு, வாடிக்கையாளர்களோடு பழகத் தெரிந்தவர். எங்கள் பட்டறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். வால்வைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தே உள்ளே எது உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் ‘குட் வித் ஹிஸ் ஹேண்ட்ஸ்’. இங்கே ‘அட்’ போட்டால் அபத்தம்.

‘டு’வும் ‘ஃபாரு’ம் அர்த்தத்தையே மாற்றுபவை. ‘மை பாஸ் இஸ் குட் டு மீ’ என்றால் என்னை நல்லபடி நடத்துகிறார். ‘குட் ஃபார் மீ’ என்றால் அவர் எனக்குப் பாகற்காய் மாதிரி, கசந்தாலும் நல்லது. உங்கள் முதலாளி எந்த வகை என்று தீர்மானித்துக்கொண்டு எழுதுங்கள்.

## சலிப்பும் களைப்பும்: ‘ஆஃப்’, ‘ஃப்ரம்’

இங்கே தமிழ் பெரிய உதவி. நம்மிடம் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, ஆங்கிலத்தில் ‘டயர்ட்’ ஒன்றுதான். உங்கள் மனசில் ஓடுவது சலிப்பு என்றால் ‘டயர்ட் ஆஃப்’, களைப்பு என்றால் ‘டயர்ட் ஃப்ரம்’.

எங்கள் தம்பி ஒருவர் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு மேற்பார்வையாளருக்கு ஒரு செய்தி அனுப்பினார். ‘டயர்ட் ஆஃப் நைட் ஷிப்ட்’, நாளைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வரலாமா என்று. வந்த பதில்: பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொள்ள விருப்பமா? பகலுக்கு மாறினால் இரவுப் படி போய்விடும். பாவம், உடம்பு அசதி என்றுதான் சொல்ல வந்தார். ஒரு ‘ஃப்ரம்’ போட்டிருந்தால் தூங்கியிருப்பார். போட்டது ‘ஆஃப்’ என்பதால் போன் செய்து அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

‘போர்ட்’ என்ற சலிப்புக்கு ‘வித்’, ‘பை’ இரண்டும் சரி. ‘போர்ட் ஆஃப்’ பேச்சில் இப்போது எங்கும் கேட்கிறது. இங்கிலாந்திலும்தான். ஆனால் கட்டுரையில், விண்ணப்பத்தில் வேண்டாம். பழைய பள்ளிக்காரர் கையில் சிக்கினால் சிவப்பு மையில் சுழிப்பார்.

## வித்தியாசம்: ‘ஃப்ரம்’, ‘டு’, ‘தேன்’

‘ஃப்ரம்’ போடுங்கள். முடிந்தது.

‘அதிலிருந்து வேறுபட்டது’ என்று தமிழ் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல் என்று ஒரு பொருள் உண்டே, அதேதான். ‘டிஃபரண்ட் டு’ பிரிட்டிஷ் வழக்கில் உண்டு, தப்பில்லை. ‘டிஃபரண்ட் தேன்’ அமெரிக்க வாசனை. பின்னால் முழு வாக்கியம் ஒன்று வரும்போது அது வசதியாக இருக்கும் என்பார்கள். அந்த வசதிக்கும் ‘டிஃபரண்ட் ஃப்ரம் வாட்’ என்று வழி இருக்கிறது. ‘ஃப்ரம்’ போட்டு யாரும் மதிப்பெண் இழக்கப் போவதில்லை.

## ஏமாற்றம்: ‘வித்’, ‘இன்’

இதில்தான் எனக்குப் பெரிய அடி.

எங்களுக்கு கேஸ்கட் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் ஒரு சீன அக்கா. வாட்ஸப்பில் ஆர்டர் அனுப்பினால் ‘ஓகே கேன்’ என்று சொல்லிப் பின்னால் ஒரு சிரிப்புமுகம் வைப்பார். ஒருமுறை சரக்கு மூன்று நாள் தாமதம், கப்பல் கிளம்பும் நேரம். மேலாளர் பின்னால் நிற்க, நான் மின்னஞ்சலில் ‘ஐ ஆம் வெரி டிஸப்பாயிண்டட் இன் யூ’ என்று எழுதி அனுப்பினேன். திரையில் எந்தச் சிவப்புக் கோடும் விழவில்லை. இலக்கணப்படி அதில் குற்றமே இல்லை.

மறுநாள் முதல் அந்த அக்காவின் பதில்கள் ‘டியர் சார்’ என்று தொடங்கின. சிரிப்புமுகம் இல்லை. ‘நோட்டட்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து அவர்களுடைய ஓட்டுநர் சரக்கு இறக்கும்போது சொன்னார்: “அவங்க அழுதாங்க, தெரியுமா?”

‘டிஸப்பாயிண்டட் வித்’ என்றால் நடந்த வேலை திருப்தியாக இல்லை. பின்னால் சரக்கு, சேவை, அறிக்கை என்று பொருள் வரும். ‘டிஸப்பாயிண்டட் இன்’ என்றால் ஆளின் மேல் வைத்திருந்த நம்பிக்கையே போய்விட்டது. ‘உன்னைப் பத்தி என்னமோ நெனச்சேன், நீ இப்படிப் பண்ணிட்டியே’ என்று அம்மா பிள்ளையிடம் சொல்லும் தொனி அது. ஒரு கேஸ்கட்டுக்கு அந்தச் சொல் ரொம்ப அதிகம்.

ஆகவே அலுவலகத்தில் எப்போதும் ‘வித்’, அதன் பின்னால் எப்போதும் பொருள். ‘பை’ போட்டாலும் சரி. ‘இன்’ எதற்கு? உண்மையாகவே ஒருவர் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டார், அது அவருக்கு உறைக்க வேண்டும் என்றால் மட்டும். என்னிடம் அப்படி ஒரு சந்தர்ப்பம் இதுவரை வரவில்லை. அந்த அக்காவுக்கு தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரிப்புமுகம் திரும்பிவிட்டது.

இந்த வகைத் தப்புக்கு எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளை நம்பிப் பயனில்லை. ஆங்கிலம் பயில்வோருக்கென்று வரும் அகராதிகளில் அட்ஜெக்டிவை எடுத்துப் பாருங்கள். எந்த பிரிபொசிஷன் சேரும் என்று அழுத்தமான எழுத்தில் தந்து, கீழே மாதிரி வாக்கியமும் போட்டிருப்பார்கள். அந்த வாக்கியத்தில் பின்னால் ஆள் வருகிறதா, பொருள் வருகிறதா என்பதைக் கவனியுங்கள்.

## கவலையும் பொறுப்பும்

‘கன்சர்ன்ட் அபௌட்’ என்றால் கவலை. ‘கன்சர்ன்ட் வித்’ என்றால் பெரும்பாலும் சம்பந்தப்பட்டது, அதைப் பற்றியது. ‘திஸ் ரிப்போர்ட் இஸ் கன்சர்ன்ட் வித் சேஃப்டி’ என்றால் அறிக்கை பாதுகாப்பைப் பற்றியது. அறிக்கை கவலைப்படவில்லை. ‘கன்சர்ன்ட் ஃபார்’ என்றால் ஒருவர் நலனை நினைத்துக் கவலை. ‘அஃப்ரெய்ட்’டும் இதே மாதிரிதான்: ‘ஆஃப் ஹிம்’ என்றால் அவனைக் கண்டு பயம், ‘ஃபார் ஹிம்’ என்றால் அவனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம்.

பொறுப்புக்கு வருவோம். ‘சரக்குக்குப் பொறுப்பு’, ‘மேலாளருக்குப் பொறுப்பு’. தமிழில் இரண்டுக்கும் ‘கு’. ஆங்கிலத்தில் சரக்குக்கு ‘ஃபார்’, மேலாளருக்கு ‘டு’. நேர்முகத் தேர்வில் இதை மாற்றிச் சொன்னால் உங்களுக்குக் கீழே இருப்பவர் மேலே போய்விடுவார்.

## ‘கு’ வந்தால் ‘டு’வா ‘ஃபாரா’?

நான்காம் வேற்றுமைதான் நமக்குக் கிடைத்த நல்ல நண்பன். ‘எனக்கு மூத்தவர்’ என்பது ‘சீனியர் டு மீ’. ‘என்னை விட மூத்தவர்’ என்று நினைத்தீர்களோ, ‘சீனியர் தேன்’ என்று விழுந்துவிடுவீர்கள். ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ எல்லாமே லத்தீன் வழி வந்தவை, ‘டு’ மட்டும்தான் கேட்கும். எழுதும் முன் மனசுக்குள் ‘விட’வைத் தள்ளி ‘கு’வை உட்கார வையுங்கள்.

‘டு’வா ‘ஃபாரா’ என்று குழம்பும்போது நான் ஒரு சோதனை செய்வேன். ‘கு’வை ‘க்காக’ ஆக்கிப் பார்ப்பது. ‘பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரம்’ என்பதை ‘பட்டுக்காக’ என்றாலும் நிற்கிறது, ஆகவே ‘ஃபேமஸ் ஃபார்’. ‘தேர்வுக்குத் தயார்’ என்பதும் அப்படியே, ‘ரெடி ஃபார்’. ‘ஊருக்குப் புதுசு’ என்பதை ‘ஊருக்காகப் புதுசு’ என்று சொல்ல முடியாது, ஆகவே ‘நியூ டு’. ‘போனுக்கு அடிமை’யும் ‘க்காக’ ஏற்காது, ‘அடிக்டட் டு’. சோதனை தோற்கும் இடம் ‘உடம்புக்கு நல்லது’, ‘உடம்புக்குக் கெட்டது’. ‘க்காக’ வராது, ஆனாலும் ‘குட் ஃபார்’, ‘பேட் ஃபார்’. இந்த இரண்டையும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழி இருக்கிறது. ‘தேக்கா எனக்கு நல்ல பழக்கம்’ என்கிறோம். ‘கு’ நம் மேல் இருக்கிறது, ஆகவே இடத்தை முதலில் வைத்தால்தான் ‘டு’: ‘தேக்கா இஸ் ஃபெமிலியர் டு மீ’. ‘ஐ ஆம்’ என்று தொடங்கிவிட்டால் ‘ஃபெமிலியர் வித் தேக்கா’. எறால் விஷயமும் இப்படித்தான். ‘எனக்கு எறால் ஆகாது’, ஆனால் ஆங்கிலத்தில் நான் முன்னால் போய்விடுவேன், ‘டு’ எறாலுக்குப் போய்விடும்: ‘அலர்ஜிக் டு ப்ரான்ஸ்’.

சுவரில் ஒட்டி வைக்க ஒரு சின்ன அட்டவணை:

| தமிழ் மனம் சொல்வது | நம்பலாம் | நம்பினால் மாட்டுவீர்கள் |
|---|---|---|
| கு | சீனியர் டு, அடிக்டட் டு, ரெடி ஃபார், எலிஜிபிள் ஃபார் | ஃபெமிலியர், அலர்ஜிக்: எழுவாய் மாறும் |
| மேல் | கீன் ஆன் | ஆங்க்ரி வித், ஜெலஸ் ஆஃப், ஃபாண்ட் ஆஃப் |
| இல் | இன்ட்ரஸ்டட் இன், வீக் இன் | குட் அட் |
| இலிருந்து | டிஃபரண்ட் ஃப்ரம் | எனக்கு இன்னும் அகப்படவில்லை |
| ஆல் | சர்ப்ரைஸ்ட் பை | தண்ணீரால் நிறைந்த: ஃபுல் ஆஃப் |
| உடன், ஓடு | குட் வித் | கல்யாணம்: மேரிட் டு |

கடைசி வரிக்கு ஒரு குறிப்பு. ‘மேரிட் வித் டூ கிட்ஸ்’ என்று பார்த்திருப்பீர்கள், அது சரி. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் என்று அர்த்தம். கணவன், மனைவிக்கு மட்டும் ‘டு’.

## விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு

‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட் டு அப்ளை’ என்று தொடங்கும் கடிதங்கள் எங்கள் அலுவலகத்துக்கே நிறைய வருகின்றன. ‘இன்ட்ரஸ்டட் இன் அப்ளையிங்’ என்று மாற்றுங்கள். ஏதாவது தெரிந்துகொள்ள, கேள்விப்பட ஆர்வம் என்றால் மட்டும் ‘இன்ட்ரஸ்டட் டு நோ’, ‘டு ஹியர்’ வரும். ‘யூஸ்ட் டு’ இன்னும் மோசமான ஆள். இரவு வேலை பழக்கம் என்று சொல்ல ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்’. ‘ஐ யூஸ்ட் டு வொர்க் அட் நைட்’ என்று எழுதினால், முன்பு செய்தேன், இப்போது இல்லை என்று ஆகிவிடும். இரவுப் படிக்கு ஆசைப்படுகிறவர்கள் கவனம்.

அக்கா மகன் தாளுக்குத் திரும்புகிறேன். “கட்டத்துல ‘அட்’ எத்தனை இருக்கு?” என்று கேட்டேன். ஒன்று. ‘வித்’தும் ஒன்று. நான்கு வரி கீழே ‘குட் ... ட்ராயிங்’ என்று இன்னொரு இடம் காலியாக இருந்தது. அதற்கு ‘அட்’ தவிர வேறு வழியே இல்லை. அவன் முதலில் அதை நிரப்பினான், அப்புறம் மேலே போய் அந்தத் தேய்ந்த இடத்தில் மெதுவாக ‘வித்’ எழுதினான்.

“அப்ப ‘ஆங்க்ரி ஆன்’ எப்பவுமே வராதா மாமா?”

“வரும். உனக்காக அம்மா ஸ்கூல்ல போய் சண்டை போட்டா, ‘ஷி வாஸ் ஆங்க்ரி ஆன் மை பிஹாஃப்’.”

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். “நான் எந்த ஸ்கூல்ல போய்டா சண்டை போட்டேன்?”